ஆங்கிலம் காதுக்குப் பிடிபட எதில் தொடங்குவது?

"எழுதிக் காட்டினா புரியுது சார், பேசினா பிடிபட மாட்டேங்குது." தமிழ்வழியில் படித்துவிட்டுக் கல்லூரிக்கோ வேலைக்கோ வந்தவர்கள் ஆங்கிலத்தைப் பற்றிச் சொல்லும் முதல் குறை இதுதான். சொன்னதும் நாலு பேர் நாலு வழி காட்டுவார்கள். ஆங்கிலப் படம் பார் என்பார் ஒருவர். தினமும் ஆங்கிலச் செய்தி கேள் என்பார் இன்னொருவர். யூடியூபில் தமிழிலேயே சொல்லித்தருகிறார்களே என்பார் மூன்றாமவர். வீட்டில் இருப்பவர்கள் பக்கத்துத் தெரு ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் சேரச் சொல்வார்கள். இவை எல்லாமே யாரோ ஒருவருக்குப் பலன் கொடுத்த வழிகள்தான். ஆனால் கையில் இருப்பது தினம் அரை மணி நேரமும் ஒரு போனும் மட்டும் என்றால் எதை முதலில் எடுப்பது, எதைப் பிறகு வைத்துக்கொள்வது?

யாரை மனதில் வைத்து எழுதுகிறேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆறாம், ஏழாம் வகுப்பு ஆங்கிலப் பாடத்தைக் கொடுத்தால் தட்டுத்தடுமாறியாவது வாசித்துப் பொருள் சொல்லிவிடுவார். அதையே ஒருவர் சாதாரணமாகப் பேசினால் விழிப்பார். அவருக்காகத்தான் இந்த ஒப்பீடு. வாசிக்கவே வராதவர் வாசிப்பையும் கேட்பதையும் சேர்த்துத் தொடங்க வேண்டும். அவருக்கு வழி வேறு.

காது தடுமாறும் இடம்

"அவங்க ரொம்ப வேகமாப் பேசறாங்க, எனக்கு வார்த்தை போதலை" என்றுதான் பெரும்பாலும் நினைக்கிறோம். அதில் பாதிதான் உண்மை. ஒரு வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம். "வாட் ஆர் யூ கோயிங் டு டூ?" மொத்தம் ஆறு சொற்கள். ஆறும் நமக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். ஆனால் ஒரு அமெரிக்கர் இயல்பாகப் பேசும்போது இது கிட்டத்தட்ட "வாடர்யா கனடூ" என்று வந்து விழும். காதில் விழுந்ததும் நாம் தேடுவது பள்ளியில் கேட்ட அந்த ஆறு தனித்தனிச் சொற்களை. அவை கிடைப்பதில்லை. தேடிக்கொண்டிருக்கும்போதே அடுத்த வாக்கியமும் போய்விடுகிறது.

தமிழிலும் இதையேதான் செய்கிறோம். "என்ன செய்துகொண்டு இருக்கிறாய்" என்று எழுதுகிறோம், "என்ன செஞ்சிட்டிருக்க" என்று பேசுகிறோம். பிறந்ததிலிருந்து கேட்பதால் நமக்கு அது சுருக்கமாகவே தோன்றுவதில்லை. புத்தகத்தில் தமிழ் படித்த வெளிநாட்டுக்காரர் மதுரை பஸ் ஸ்டாண்டில் படும் பாட்டைத்தான் நாம் ஆங்கிலத்தில் படுகிறோம்.

ஆங்கிலத்தில் இந்தச் சுருக்கம் இன்னும் கடுமை. வாக்கியத்தில் முக்கியமான சொற்களின் மேல் அழுத்தம் விழும். இடையில் நிற்கும் சின்னச் சொற்கள் நசுங்கிவிடும். "டூ" என்று படித்தது "ட" ஆகும், "அண்ட்" வெறும் "ன்" ஆகும், "ஃபார்" "ஃப" ஆகும், "ஆஃப்" "அவ்" ஆகும். தமிழில் ஒவ்வொரு அசைக்கும் அதற்குரிய நேரம் ஏறக்குறைய கிடைத்துவிடுவதால், இப்படி நசுங்கிய ஒலியைச் சொல்லாகவே நம் காது எடுத்துக்கொள்வதில்லை. நமக்கு மட்டும் உள்ள குறை அல்ல இது. ஆங்கிலம் கற்பவர்களை வைத்து ஜான் ஃபீல்ட் என்ற ஆய்வாளர் 2008-இல் வெளியிட்ட ஆய்வில், கற்பவர்கள் பெயர், வினை போன்ற பெரிய சொற்களை நன்றாகப் பிடித்தார்கள். இந்தச் சின்னச் சொற்களைத்தான் அதிகம் கோட்டை விட்டார்கள்.

சின்னச் சொல்தானே, போனால் போகட்டும் என்று விடவும் முடியாது. "ஐ கேன் டூ இட்", "ஐ கேன்ட் டூ இட்" இரண்டையும் பாருங்கள். ஒன்று முடியும், மற்றது முடியாது. அமெரிக்க உச்சரிப்பில் இரண்டாவதன் கடைசி "ட்" அடுத்து வரும் "டூ"வில் கரைந்துவிடும். அதற்காகக் காத்திருந்தால் ஏமாறுவோம். வேறுபாடு இருப்பது உயிரொலியில். முடியும் என்னும்போது "கன்" என்று குறுகி ஓடிவிடும்; முடியாது என்னும்போது "கேன்" என்று நின்று அழுத்தமாக வரும். இது புத்தகத்தில் பார்த்துத் தெரியும் சங்கதி அல்ல. காதால் பலமுறை கேட்டால்தான் படியும்.

ஆகவே எந்த வழியை எடுத்தாலும் சில கேள்விகள் கேட்பேன். அதில் வரும் சொற்களில் பெரும்பாலானவை எழுத்தில் பார்த்தால் உங்களுக்குத் தெரிந்தவையா? பேசியது அப்படியே எழுத்திலும் கிடைக்குமா? ஒரு வாக்கியத்தைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்க முடியுமா? நாளைக்கும் அதைத் திறக்க மனம் வருமா? கடைசிக் கேள்வியை யாரும் லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பிடிக்காததை எவரும் மூன்று மாதம் கேட்க மாட்டார்.

படம் பார்ப்பது

அதிகம் சொல்லப்படும் யோசனை இதுதான், இளைஞர்களுக்குப் பிடித்ததும் இதுதான். கடைசிக் கேள்வியில் படத்துக்கு முழு மதிப்பெண். மற்ற மூன்றில்தான் சிக்கல்.

முதலில் சொற்கள். ஸ்டூவர்ட் வெப், மைக்கேல் ராட்ஜர்ஸ் இருவரும் 318 ஆங்கிலப் படங்களின் வசனங்களை எடுத்து எண்ணிப் பார்த்து 2009-இல் முடிவை வெளியிட்டார்கள். வசனத்தில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து சொற்களாவது தெரிந்திருக்க வேண்டுமானால், ஆட்பெயர், ஊர்ப்பெயர் போக, சுமார் 3,000 சொற்குடும்பங்கள் கைவசம் வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. ஒரு சொல்லும் அதிலிருந்து கிளைக்கும் வடிவங்களும் சேர்ந்தது ஒரு குடும்பம். தொடக்க நிலையில் இருப்பவரிடம் அதில் மூன்றில் ஒரு பங்கு இருந்தாலே பெரிது. அதோடு படத்தில் பின்னணி இசை, சண்டைச் சத்தம், முணுமுணுப்பு, ஒருவர் பேசி முடிக்குமுன் இன்னொருவர் பேச்சு எல்லாம் உண்டு.

அடுத்தது சப்டைட்டில். தமிழ் சப்டைட்டில் போட்டால் கதை புரியும், ஆனால் நாம் செய்வது தமிழ் வாசிப்பு. ஹோல்கர் மிட்டரர், ஜேம்ஸ் மெக்வீன் என்ற இருவர் டச்சுக்காரர்களை வைத்து ஒரு சோதனை செய்து 2009-இல் வெளியிட்டார்கள். ஆஸ்திரேலிய ஆங்கிலமும் ஸ்காட்லாந்து ஆங்கிலமும் பழக்கமில்லாதவர்களுக்கு அந்த உச்சரிப்பில் உள்ள காட்சிகளை இருபத்தைந்து நிமிடம் போட்டுக் காட்டினார்கள். பிறகு அதே ஆட்கள் பேசும் வசனங்களைக் கேட்டுத் திருப்பிச் சொல்லச் சொன்னார்கள். ஆங்கில சப்டைட்டிலோடு பார்த்தவர்களுக்குக் காது பழகியிருந்தது. டச்சு சப்டைட்டிலோடு பார்த்தவர்களோ முன்பு கேட்டிராத புது வசனங்களில், சப்டைட்டிலே இல்லாமல் பார்த்தவர்களைவிடப் பின்தங்கினார்கள். தாய்மொழி எழுத்து, காது செய்ய வேண்டிய வேலையைத் தடுத்துவிட்டது.

இதைப் படித்துவிட்டு ஆங்கில சப்டைட்டிலோடு முழுப் படமாகப் பார்க்கத் தொடங்கிவிடாதீர்கள். அந்த டச்சுக்காரர்கள் ஏற்கெனவே ஆங்கிலம் நன்றாகத் தெரிந்தவர்கள். ஓடும் எழுத்தைக் கண் பிடிக்கும், காது கூடவே வரும். நம்மில் தொடங்குபவருக்குக் கண்ணே எட்டாது. பாதி வரியில் இருக்கும்போது அடுத்த வரி வந்துவிடும். இரண்டரை மணி நேரம் உட்கார்ந்து எழுந்தால் கதை தெரியும், தலை வலிக்கும், காதில் தங்கிய வாக்கியம் பத்துகூட இருக்காது.

படத்தை ஒதுக்கச் சொல்லவில்லை. ஏற்கெனவே தமிழ் டப்பிங்கில் பார்த்து மனப்பாடமான ஒரு படத்தில், இருவர் மட்டும் அமைதியாகப் பேசும் இரண்டு நிமிடக் காட்சியை எடுத்து, ஆங்கில எழுத்தோடு திரும்பத் திரும்பப் பாருங்கள். அது பயிற்சி. முழுப் படம் ஞாயிற்றுக்கிழமைக்கு, பொழுதுபோக்காக. சின்னக் குழந்தைகளுக்கான ஐந்து நிமிடக் கார்ட்டூன்கள் படங்களைவிட எவ்வளவோ மேல். வாக்கியம் சின்னது, பேசுவது திரையிலேயே நடக்கும். வயது வந்தவர்கள் கூச்சப்படாமல் பார்க்கலாம்.

செய்தி கேட்பது

டிவியில் இரவு நடக்கும் ஆங்கில விவாதங்களை முதலிலேயே விலக்கிவிடுவோம். ஆறு பேர் ஒரே நேரத்தில் கத்துவதை ஆங்கிலம் தெரிந்தவர்களாலேயே பின்தொடர முடியாது.

ஆகாசவாணியின் ஆங்கிலச் செய்தி வேறு வகை. ஒருவர் எழுதி வைத்ததை நிதானமாக வாசிக்கிறார். உச்சரிப்பு நமக்குப் பழகிய இந்திய உச்சரிப்பு. இதில் ஒரு நல்ல வசதி இருக்கிறது: அன்றைய தமிழ்ச் செய்தியை முதலில் கேட்டுவிட்டு, பிறகு ஆங்கிலச் செய்தியைக் கேட்கலாம். யார், எங்கே, என்ன என்பது முன்பே தெரிந்திருப்பதால் காது வழி தவறாது. போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்களுக்கு ஒரே நேரத்தில் இரண்டு பயன். குறை என்னவென்றால், செய்தியில் வருவது எழுத்து நடை. நீளநீளமான வாக்கியம், அலுவல் சொற்கள். அதை ஒரு வருடம் கேட்டாலும் "வாடர்யா கனடூ" பிடிபடாது. ஏனென்றால் செய்தி வாசிப்பவர் எதையும் நசுக்குவதில்லை.

தொடங்குபவர்களுக்கென்றே தயாரான செய்தியும் உண்டு. அமெரிக்க அரசின் வானொலியான வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா 1959 அக்டோபரில் ஸ்பெஷல் இங்கிலீஷ் என்ற ஒலிபரப்பைத் தொடங்கியது. ஏறக்குறைய 1,500 அடிப்படைச் சொற்கள், குட்டி வாக்கியங்கள், வழக்கமான வாசிப்பைவிட மூன்றில் ஒரு பங்கு மெதுவான வேகம். பிறகு அதுவே லேர்னிங் இங்கிலீஷ் என்று பெயர் மாறியது. 2025 மார்ச்சில் அந்த நிறுவனத்தின் ஊழியர்களைப் பெருமளவில் விடுப்பில் அனுப்பியதால் ஒலிபரப்பு தடைப்பட்டது. ஆனால் தொடங்குபவருக்கு இன்றைய செய்திதான் வேண்டும் என்பதில்லை; பழைய தொகுப்பிலுள்ள அறிவியல், உடல்நலக் கட்டுரைகளே தாராளம். எழுத்தும் ஒலியும் சேர்ந்தே இருக்கும். முதல் இரண்டு மாதம் தன்னம்பிக்கை வர இதைவிட நல்லது குறைவு. அதற்கு மேல் அதிலேயே தங்கக் கூடாது. மெதுவாகப் பேசினால் ஒவ்வொரு சொல்லும் முழுசாக வரும். முழுசாக வருவதற்கே பழகிய காது தெருவில் வரும் ஆங்கிலத்தை மறுபடியும் தவறவிடும்.

நிலைவாரியாகப் பிரித்த ஒலிப்பாடங்கள்

தொடங்குபவர் முதலில் எடுக்க வேண்டியது எது என்று என்னைக் கேட்டால் யோசிக்காமல் இதைத்தான் சொல்வேன். பிரிட்டிஷ் கவுன்சிலின் லேர்ன்இங்கிலீஷ் இணையதளத்தில் கேட்டல் பயிற்சிகள் ஏ1, ஏ2, பி1 என்று படிப்படியாகப் பிரித்து இலவசமாக வைக்கப்பட்டிருக்கின்றன. ஏ1 தான் அடிப்படி. ஒவ்வொன்றும் ஓரிரு நிமிடம்: காபிக் கடையில் என்ன வேண்டும் என்று சொல்வது, துணிக்கடையில் சைஸ் கேட்பது, ஒருவர் போனில் விட்டுவைத்த தகவல், ரயில் அறிவிப்பு. இயல்பான பேச்சு, ஆனால் எளிய சொற்கள். கூடவே முழு எழுத்து வடிவமும் சில கேள்விகளும் இருக்கும். என் நாலு கேள்விகளில் மூன்றுக்கு இது நேராகப் பதில் சொல்கிறது.

நாலாவதில்தான் கொஞ்சம் சறுக்கும். துணிக்கடைப் பேச்சை எத்தனை நாள் ஆர்வத்தோடு கேட்க முடியும்? அங்கேதான் ஒலிப்பதிவோடு வரும் எளிமையாக்கிய கதைப் புத்தகங்கள் கைகொடுக்கும். ஆக்ஸ்ஃபோர்டு புக்வார்ம்ஸ் வரிசையில் முதல் நிலைப் புத்தகம் 400 தலைச்சொற்களுக்குள், அதாவது அகராதியில் தனித் தலைப்பாக வரும் 400 அடிப்படைச் சொற்களுக்குள், எழுதப்பட்டது. இரண்டாம் நிலை 700, மூன்றாம் நிலை 1,000 என்று ஏறும். துப்பறியும் கதை, பேய்க்கதை, பழைய நாவல்களின் சுருக்கம் எல்லாம் கிடைக்கும். கதை என்பதால் அடுத்து என்ன என்று கேட்கத் தோன்றும். கல்லூரி நூலகத்தில் கேட்டுப் பாருங்கள்; பல இடங்களில் அலமாரியில் தொடாமலே கிடக்கின்றன.

பிபிசியின் சிக்ஸ் மினிட் இங்கிலீஷைத் தொடங்குபவர்களுக்குப் பலர் பரிந்துரைக்கிறார்கள். நிகழ்ச்சி அருமையானது. இருவர் ஒரு விஷயத்தைப் பேசுவார்கள், தொடக்கத்தில் ஒரு கேள்வி போட்டு முடிவில் விடை சொல்வார்கள், ஆறு புதுச் சொற்களை விளக்குவார்கள். ஆனால் அது நடுநிலைக்காரர்களுக்கானது. தொடக்க நிலையில் அதைக் கேட்டு மனம் உடைந்து நிறுத்தியவர்களை எனக்குத் தெரியும். அவர்களுக்கு ஆங்கிலம் வராது என்று அர்த்தமே இல்லை. ஆறு மாதம் கழித்துக் கேட்க வேண்டியதை முன்னதாகவே கேட்டுவிட்டார்கள், அவ்வளவுதான்.

இப்படிப்பட்ட பாடத்தை எப்படிப் பயன்படுத்துகிறோம் என்பதில்தான் பலனில் பாதி இருக்கிறது. ஒரு நிமிட ஒலிப்பதிவை எடுங்கள். எழுத்தைத் திறக்காமல் இரண்டு மூன்று முறை கேளுங்கள். பிறகு வாக்கியம் வாக்கியமாக நிறுத்தி, காதில் விழுந்ததை ஒரு நோட்டில் எழுதுங்கள். ஆங்கில எழுத்தில் எழுத முயல வேண்டாம். ஸ்பெல்லிங் கவலை வந்துவிடும். தமிழ் எழுத்திலேயே, விழுந்தது விழுந்தபடி. ஒரு மாணவி நோட்டில் இப்படி இருந்தது: "ஐல் பிக்கிடப்பட்டூ". என்னவென்று அவருக்குத் தெரியவில்லை. எழுத்து வடிவத்தைத் திறந்தால் "ஐ வில் பிக் இட் அப் அட் டூ", அதாவது இரண்டு மணிக்கு வந்து எடுத்துக்கொள்கிறேன். ஏழு சொல்லும் அவருக்குத் தெரிந்தவை. ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டதுதான் சிக்கல். முந்தைய சொல்லின் கடைசி மெய் அடுத்த சொல்லின் முதல் உயிர் மேல் ஏறிக்கொள்கிறது. தமிழில் "உடல்மேல் உயிர்வந்து ஒன்றுவது இயல்பே" என்று நன்னூல் சொல்வது ஆங்கிலப் பேச்சிலும் நாள் முழுக்க நடக்கிறது. இதை ஒருமுறை கண்டுகொண்டால் "டேக் இட் ஆஃப்", "புட் இட் ஆன்" எல்லாம் வரிசையாகப் பிடிபடத் தொடங்கும்.

எழுத்தோடு ஒப்பிடும்போது விட்டுப்போனவற்றை இரண்டாகப் பிரியுங்கள். எழுத்தில் பார்த்தும் தெரியாத சொல் ஒரு வகை. அதை அகராதியில் பார்த்துவிட்டு நகருங்கள். எழுத்தில் பார்த்ததும் "அட, இதுவா!" என்று தோன்றுவது இன்னொரு வகை. நேரத்தைச் செலவழிக்க வேண்டியது இந்த இரண்டாவது வகையில். அந்த வாக்கியத்தை எழுத்தைப் பார்த்தபடி பத்து முறை கேளுங்கள். அதே வேகத்தில், அதே சுருக்கத்தோடு வாய்விட்டுச் சொல்லுங்கள். வாய்க்கு வந்த ஒலி காதுக்கும் வந்துவிடும். மறுநாள் புதியதற்குப் போகுமுன் பழையதை ஒருமுறை எழுத்தில்லாமல் கேளுங்கள்.

தமிழ் எழுத்தில் எழுதுவதற்கு ஓர் எல்லை உண்டு. "பேக்" என்று எழுதினால் அது பையா, முதுகா, மூட்டை கட்டுவதா தெரியாது. கனத்த பகரமும் மெல்லிய பகரமும் நம் எழுத்தில் ஒன்றே. ககரம், டகரம், தகரத்துக்கும் அப்படியே. ஆகவே ஒட்டும் ஒலியையும் நசுங்கும் ஒலியையும் பிடிக்க இந்த முறை உதவும், இந்த வேறுபாட்டுக்கு உதவாது. "பதினைந்தா, ஐம்பதா" என்ற குழப்பத்துக்கும் தனியாகக் கேட்டுப் பழக வேண்டும்: ஃபிஃப்டீனில் "டீன்" நீண்டு அழுந்தும், ஃபிஃப்டியில் முன்பாதி அழுந்திப் பின்பாதி சட்டென்று முடியும். சம்பளம், விலை, ரயில் நேரம் எல்லாம் இதில்தான் இருக்கிறது.

தமிழில் விளக்கும் வீடியோவும் கட்டண வகுப்பும்

தமிழில் ஆங்கிலம் சொல்லித்தரும் யூடியூபர்கள் பெரிய சேவை செய்கிறார்கள். "ஹேட்"டும் "ஹேவ்"வும் எங்கே வரும் என்று பள்ளியில் புரியாமல் போனது இங்கே பத்து நிமிடத்தில் புரிகிறது. இலக்கணப் பயம் போக இது நல்ல வழி. ஆனால் கேட்கும் திறனுக்கு இதை நம்பினால் நேரம்தான் போகும். ஒரு வீடியோவை எடுத்து அதில் ஆங்கிலம் எவ்வளவு நேரம் ஒலிக்கிறது என்று கவனித்துப் பாருங்கள். இருபது நிமிடத்தில் இரண்டு நிமிடம் தேறினால் அதிகம். அந்த இரண்டு நிமிடமும் ஆசிரியர் நமக்காகப் பிரித்துப் பிரித்துச் சொல்லும் ஆங்கிலம்.

கட்டண வகுப்பில் வீடியோ தராத ஒன்று கிடைக்கும்: எதிரே ஆட்கள். நேரத்துக்குப் போயாக வேண்டும் என்ற கட்டாயமும் பலருக்குத் தேவைதான். பணம் கட்டுமுன் ஒரு நாள் உட்கார்ந்து பார்க்க அனுமதி கேளுங்கள். வகுப்பில் ஆசிரியர் குரல் தவிர வேறு ஆங்கிலக் குரல் கேட்கிறதா? மாணவர்கள் ஒருவரோடு ஒருவர் பேச எவ்வளவு நேரம் தருகிறார்கள்? வாக்கியங்களைக் கரும்பலகையில் எழுதி மனப்பாடம் செய்யச் சொல்வதே பெரும்பகுதி என்றால், அந்தப் பணத்தில் காதுக்கு எதுவும் சேராது.

பேச்சுத் துணை

ஒலிப்பதிவுக்கு இல்லாத சிறப்பு ஆளுக்கு உண்டு. புரியவில்லை என்றால் கேட்கலாம். "டூ ஓ கிளாக், ரைட்?" என்று நேரத்தைத் திருப்பிச் சொல்லி உறுதி செய்துகொள்ளலாம். வேலை இடத்தில் உண்மையில் காப்பாற்றப்போவது இந்தப் பழக்கம்தான். எல்லாச் சொல்லும் காதில் விழ வேண்டும் என்று எந்த மேலாளரும் எதிர்பார்ப்பதில்லை, தப்பாகப் புரிந்துகொண்டு தலையாட்டுவதைத்தான் வெறுக்கிறார்கள். உங்களைப் போலவே கற்கும் நண்பர் ஒருவரோடு வாரம் இரண்டு முறை போனில் பேசினால்கூடப் போதும். நேரில் பேசுவதைவிடப் போன் கடினம், முகம் தெரியாது. அதனாலேயே நல்ல பயிற்சி.

இப்போது போனிலேயே செயற்கை நுண்ணறிவுச் செயலிகளோடு வாய்விட்டுப் பேசலாம். பொறுமையில் அவற்றுக்கு ஈடில்லை. "எளிய சொற்களில் பேசு, மெதுவாகப் பேசு, கடைசி வாக்கியத்தைத் திரும்பச் சொல்" என்று எத்தனை முறை கேட்டாலும் சலிக்காது. கூச்சத்தால் வாய் திறக்காதவர்களுக்கு இது ஒரு விடுதலை என்றே சொல்வேன். ஆனால் அந்தக் குரல்கள் மிகச் சுத்தமானவை. மனிதர்கள் தயங்குவார்கள், பாதியில் வாக்கியத்தை மாற்றுவார்கள், பின்னால் பஸ் ஹாரன் அடிக்கும். அதற்கு மனிதர்களிடம்தான் பழக வேண்டும்.

காசே இல்லாத ஒரு வாய்ப்பை நாம் தினமும் தவறவிடுகிறோம். ரயில் நிலையத்தில் ஒரே அறிவிப்பு தமிழ், இந்தி, ஆங்கிலம் மூன்றிலும் வருகிறது. தமிழில் வண்டி எண்ணும் ஊரும் நடைமேடையும் தெரிந்துவிட்டது. உடனே அதையே ஆங்கிலத்தில் கேட்கிறோம். அதேபோல கிரிக்கெட். ஆட்டத்தை அக்குவேறு ஆணிவேறாக அறிந்த ஒருவர் தமிழ் வர்ணனையை மாற்றி ஆங்கில வர்ணனை வைத்துக்கொண்டால், பந்து போன திசையைக் கண் பார்க்கும்போதே காதில் அதன் ஆங்கிலம் விழும். வர்ணனைச் சொற்கள் மைதானத்தைத் தாண்டி அதிகம் உதவாது என்றாலும், இயல்பு வேகத்துக்குக் காது பழக இது நல்ல இடம்.

எந்த ஊர் ஆங்கிலம்

அமெரிக்கர் பேசுவதைக் கேட்டால்தான் ஆங்கிலம் என்ற எண்ணம் பலரிடம் இருக்கிறது. சென்னையிலோ கோவையிலோ வேலைக்குச் சேர்ந்தால், ஐதராபாத்காரரும் புனேகாரரும் பேசும் ஆங்கிலம்தான் முதலில் காதுக்கு வரும். ஆகவே இந்திய ஆங்கிலத்தில் தொடங்குவதில் எந்தக் குறைவும் இல்லை. அப்துல் கலாமின் உரைகளைக் கேளுங்கள். நிதானமாக, முக்கியமான வரியைத் திரும்பச் சொல்லிப் பேசுவார். நம் ஊர் உச்சரிப்பு அப்படியே இருக்கும். 2007 ஏப்ரல் 25 அன்று ஐரோப்பிய நாடாளுமன்றத்தில் அவர் ஆற்றிய உரை இணையத்தில் எழுத்தோடு கிடைக்கிறது. கணியன் பூங்குன்றனாரின் "யாதும் ஊரே யாவரும் கேளிர்" அதில் வருகிறது. அந்த இடத்தில் நின்று, அடுத்த ஆங்கில வரிகளைப் பிடித்துப் பாருங்கள். ஏ2 நிலை தாண்டியவர்களுக்கு இது ஏற்றது.

வெளிநாடு போகிறவர் போகும் ஊரின் உச்சரிப்பைக் கடைசி சில மாதங்களில் தனியாகப் பழக வேண்டும். ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் தேர்வு எழுதுபவர் ஒன்றை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: கேட்டல் தேர்வில் நாலு பகுதி, நாற்பது கேள்வி, ஒலிப்பதிவு ஒருமுறைதான் ஓடும். திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்கும் பழக்கம் காதை வளர்க்கும். தேர்வு நெருங்கும்போது ஒரே தடவை கேட்டு விடையெழுதும் பழக்கமும் சேர வேண்டும்.

அரை மணியை எப்படிப் பிரிப்பது

இருபது நிமிடம் ஏ1 ஒலிப்பாடம், நோட்டோடு. பத்து நிமிடம் விருப்பப்பட்டது: கதைப் புத்தக ஒலி, கார்ட்டூன், கிரிக்கெட், எதுவானாலும். முதல் மூன்று மாதம் இப்படியே போகலாம். இரண்டாம் மாதத்திலிருந்து வாரம் இரண்டு நாள் யாரோடாவது பேச்சு. வேலைக்கான நேர்காணல் அடுத்த மாதமே என்றால் இந்த வரிசையைக் கவிழ்த்து, பேச்சுத் துணையை முதலில் வையுங்கள். நேர்காணலில் கேட்கப்படும் கேள்விகள் ஏறக்குறைய தெரிந்தவைதான், அவற்றை வெவ்வேறு ஆட்களின் வாயிலிருந்து கேட்டுப் பழகினால் போதும். போட்டித் தேர்வுக்காரர் பத்து நிமிடத்தைச் செய்திக்குக் கொடுக்கலாம்.

பிளேயரில் வேகத்தைக் குறைக்கும் வசதியை 0.75-க்குக் கீழே கொண்டுபோக வேண்டாம். ஒலி இழுபட்டு வேறொன்றாகிவிடும். ஒருமுறை குறைத்துக் கேட்டு விஷயம் தெரிந்ததும் பழைய வேகத்துக்கே வந்துவிடுங்கள். சமையலோ பயணமோ செய்துகொண்டே பின்னணியில் ஆங்கிலம் ஓடவிடுவது பற்றியும் கேட்கிறார்கள். நோட்டு வைத்துக் கேட்டு முடித்த பழைய பாடங்களை அப்படி ஓடவிட்டால் பலன் உண்டு. புரியாத புதியதை ஓடவிட்டால் அது மின்விசிறிச் சத்தம்போல ஆகிவிடும், காது தானாக விலகிக்கொள்ளும்.

அடுத்த நிலைக்கு எப்போது போவது என்பதற்கு நாள்கணக்கு வேண்டாம். இதுவரை கேட்டிராத ஒரு ஏ1 பாடத்தைத் திறந்து, எழுத்தில்லாமல் முதல் தடவையிலேயே சொன்னது என்ன என்று தமிழில் இன்னொருவருக்குச் சொல்ல முடிகிறதா பாருங்கள். வரிசையாக நாலைந்து பாடங்களில் அது நடந்தால் ஏ2-வுக்குப் போங்கள். ஏ2-விலும் அப்படி ஆனபின் பிபிசியின் ஆறு நிமிடம், ஆகாசவாணிச் செய்தி, படக் காட்சி எல்லாவற்றையும் திறக்கலாம். அப்போது ஆங்கில சப்டைட்டில் போட்டுப் பார்த்தால் கண்ணும் காதும் சேர்ந்தே ஓடும்.